டீபக் தகவலை யார் பார்க்கலாம்? லினக்ஸ் 8 வருஷம் திறந்தே வைத்திருந்த கதவின் கதை

அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் ரிஜிஸ்டர் நோட்டை நினைத்துப் பாருங்கள். யார் வந்தார்கள், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, வண்டி நம்பர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஏதாவது திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். ஆனால் அதே நோட்டு பல இடங்களில் மேஜை மேல் விரித்தபடி கிடக்கிறது. கொரியர் கொடுக்க வருகிறவர் கையெழுத்துப் போடும் சாக்கில் நாலு பக்கம் புரட்டிவிடலாம். மூணாவது மாடிக்காரர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை என்று தெரிந்துகொள்ள அது போதும்.

போன், லேப்டாப், சர்வர் என்று எல்லாவற்றுக்குள்ளும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல், தனக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தானே காட்டும் தகவல்கள் அவை. பிழையைத் தேடிப் பிடிக்க உதவுவதால் ‘டீபக்’ தகவல் என்பார்கள். இந்த நோட்டு இருந்தே ஆக வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் யாரும் எந்த செட்டிங்கையும் தொடாதபோது, அதாவது டீஃபால்ட்டாக, அதை யார் படிக்கலாம் என்பதுதான் கேள்வி.

கேட்க ரொம்பச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். லினக்ஸ் உலகம் இதற்கு ஒரு பதிலுக்கு வர 2004 டிசம்பரில் தொடங்கி 2012 டிசம்பர் வரை ஆனது. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான்.

‘இங்கே எந்த ரூல்ஸும் கிடையாது’

லினக்ஸில் கெர்னல் தன் தகவல்களைச் சாதாரண ஃபைல்கள் போலவே காட்டும். ஒரு ஃபைலைத் திறந்து படித்தால், ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்தது வராது. அந்த நொடியில் கெர்னல் சொல்லும் பதில் வரும். இதற்கு முதலில் ‘ப்ராக்’ என்ற ஃபோல்டர் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பற்றிச் சொல்லத்தான் அது உருவானது. ஆனால் ஆளாளுக்குத் தங்கள் சாமான்களைக் கொண்டுவந்து போட்டுப் பரண் மாதிரி ஆகிவிட்டது. அடுத்து வந்த ‘சிஸ்எஃப்எஸ்’ நேர் எதிர். ஒரு ஃபைலில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்கலாம் என்று கறாரான விதி.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது டெவலப்பர்கள். தான் எழுதும் டிரைவர் ஏன் தகராறு செய்கிறது என்று பார்க்க ஒருவருக்குப் பத்து வரித் தகவலைச் சட்டென்று வெளியே கொட்ட வேண்டும். எங்கே கொட்டுவது? இதற்காகக் கெர்னல் டெவலப்பர் கிரெக் குரோவா ஹார்ட்மன் உருவாக்கியதுதான் ‘டீபக்எஃப்எஸ்’. 2004 டிசம்பரில் அதை அவர் அறிமுகப்படுத்தினார். இதில் விதி எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

போட்டார்கள். போனை எந்தப் பாகம் தூங்கவிடாமல் பேட்டரியைத் தின்கிறது என்று காட்டும் பட்டியல், யுஎஸ்பி கம்பி வழியாகப் போகும் வரும் சமாச்சாரங்கள், ஆண்ட்ராய்டில் எந்த புரோகிராம் எதனுடன் பேசுகிறது என்ற விவரம் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. பேட்டரி பிரச்சினையைத் துரத்தும் இன்ஜினியருக்கு இதெல்லாம் தங்கச் சுரங்கம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், படிக்க மட்டும் என்றில்லை, சில ஃபைல்களில் எழுதவும் முடியும். எழுதினால் கெர்னல் அதன்படி நடக்கும்.

விதி இல்லாத இடத்தில், ஒவ்வொரு ஃபைலுக்கும் யாருக்கு என்ன அனுமதி என்பதையும் அதை எழுதியவரே முடிவு செய்தார். யுஎஸ்பியைக் கவனிக்கும் ஃபைலில் கீபோர்டில் அடிப்பதுகூடத் தெரியும், அதை எழுதியவர் நிர்வாகி மட்டும் திறக்கும்படி வைத்தார். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை.

நாலு எண்ணில் ஒரு ஜாதகம்

இந்தக் கதையில் அடிக்கடி 0755, 0700 என்றெல்லாம் வரும் என்பதால் ஒரு நிமிட விளக்கம். முதல் பூஜ்யத்தை விட்டுவிடுங்கள். மீதி மூன்று இலக்கங்களும் மூன்று பேருக்கு. முதலாவது உரிமையாளர், இரண்டாவது அவருடைய குழு, மூன்றாவது ‘மற்ற எல்லாரும்’. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 7 என்றால் மூன்றும் உண்டு, 5 என்றால் படிக்கலாம், இயக்கலாம், ஆனால் எழுத முடியாது. 0 என்றால் வெளியே நில்.

ஃபோல்டருக்கு மட்டும் அந்த ‘இயக்க’ அனுமதிக்கு அர்த்தம் வேறு. அதன் வழியே உள்ளே போகலாம் என்று பொருள். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உள்ளே இருக்கும் ஃபைலுக்கு எவ்வளவு தாராளமாக அனுமதி கொடுத்திருந்தாலும், வெளி ஃபோல்டருக்குள் நுழைய முடியாதவரால் அந்த ஃபைலைத் தொடவே முடியாது. வெளிக் கதவு பூட்டியிருந்தால் பீரோ திறந்து கிடப்பது தெருவில் போகிறவருக்கு எந்த வகையிலும் உதவாது.

டீபக்எஃப்எஸ்ஸின் வெளிக் கதவு 0755. அதாவது அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் யாரும், அதில் ஓடும் எந்த புரோகிராமும் உள்ளே போகலாம், என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பார்க்கலாம். இதை யாராவது உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்த மாதிரித் தெரியவில்லை. இது போன்ற சின்ன ஃபைல் சிஸ்டங்களைக் கட்ட எல்லாரும் பயன்படுத்தும் பொதுவான ஃபங்ஷன் ஒன்று கெர்னலில் உண்டு, அது கொடுக்கும் எண் 0755. அப்படியே ஒட்டிக்கொண்டது. டீஃபால்ட்டுகள் பலவும் பிறப்பது இப்படித்தான்.

2010: பீரோவும் திறந்திருந்தது

வெளிக் கதவு திறந்திருப்பது மட்டும் பிரச்சினை ஆகாது. உள்ளே யாராவது ஒருவர் பீரோவையும் பூட்ட மறக்க வேண்டும். 2010-ல் அது நடந்தது.

லேப்டாப் மூடியைச் சாத்தினால் தூங்குவது, ஃபேன் வேகம் கூடுவது, பேட்டரி அளவு சொல்வது போன்ற வேலைகளுக்கு ‘ஏசிபிஐ’ என்று ஒரு தரநிலை உண்டு. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் மதர்போர்டிலேயே சின்னச் சின்னக் கட்டளைத் தொகுப்புகளை எழுதி வைப்பார், கெர்னல் அவற்றைப் படித்துச் செயல்படுத்தும். அந்தக் கட்டளைகளில் பிழை இருந்தால்? டெவலப்பர்கள் சோதித்துப் பார்க்க வசதியாக, மாற்றுக் கட்டளையைக் கெர்னலுக்குள் செலுத்த ‘கஸ்டம் மெத்தட்’ என்று ஒரு ஃபைலை டீபக்எஃப்எஸ்ஸில் வைத்தார்கள். யோசனை நல்ல யோசனைதான்.

அந்த ஃபைலின் அனுமதி 0222. யாரும் படிக்க முடியாது, ஆனால் எல்லாரும் எழுதலாம்! உண்டியல் மாதிரி. ஆனால் இந்த உண்டியலில் போடுகிற சீட்டைக் கெர்னல் எடுத்து, அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்யும். அந்தக் கட்டளை மொழியில் கம்ப்யூட்டரின் மெமரியில் எந்த இடத்தையும் மாற்றச் சொல்ல முடியும். ஆக, சாதாரண பயனர் ஒருவர் சரியான சீட்டைப் போட்டால் ‘ரூட்’, அதாவது முழு நிர்வாகி ஆகிவிடலாம்.

பாஸ்வேர்டை உடைக்க வேண்டாம், மெமரியில் பிழை தேட வேண்டாம். ஒரு ஃபைலில் எழுதத் தெரிந்தால் போதும். பாதுகாப்பு ஆய்வாளர் ஜான் ஓபர்ஹைட் இதைச் செய்துகாட்டும் கோடை வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் ‘அமெரிக்கன் சைன் லாங்குவேஜ்’. ஏசிபிஐ கட்டளை மொழிக்கும் அமெரிக்கச் சைகை மொழிக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றே, ஏஎஸ்எல். இதில் சிலேடை வேறு!

குறை சிவிஇ-2010-4347 என்ற எண்ணில் பதிவானது, 2.6.36.2 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. எழுதும் உரிமை ரூட்டுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஒற்றை எண்ணில் நடந்த தவறுக்கு ஒற்றை எண்ணில் திருத்தம்.

ஆனால் இது தனி ஒருவரின் கவனக்குறைவா? 2011 தொடக்கத்தில் வசிலி குலிகோவ் என்ற டெவலப்பர் கெர்னல் முழுக்கத் தேடிப் பார்த்தார். சிஸ்எஃப்எஸ்ஸிலும் டீபக்எஃப்எஸ்ஸிலும் எல்லாரும் எழுதக்கூடியதாகக் கிடந்த ஃபைல்களைச் சரிசெய்ய அவர் அனுப்பியது 20 திருத்தங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. எல்லாமே ‘கஸ்டம் மெத்தட்’ அளவுக்கு ஆபத்தானவை என்று சொல்ல முடியாது. ஆனால் இவை வேறு வேறு டிரைவர்களில் சிதறிக் கிடந்தன. நூற்றுக்கணக்கான டெவலப்பர்கள் எழுதும் இடத்தில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் சரியான எண்ணைப் போடுவார்கள் என்று நம்பிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

சரி, எழுதினா ஆபத்து. பார்த்தா என்ன ஆயிடும்?

நியாயமான கேள்வி. படிக்க மட்டும் முடிகிற தகவலால் யாருக்கு என்ன நஷ்டம்?

பஸ் டிக்கெட் ஆப்பில் சீட் மேப் பார்த்திருப்பீர்கள். எந்த சீட் காலி, எது நிரம்பியிருக்கிறது என்று தெரிவதால்தானே தோழிக்குப் பக்கத்து சீட்டைச் சரியாகப் பிடிக்க முடிகிறது? கெர்னலின் மெமரிக்கும் இப்படி ஒரு சீட் மேப் உண்டு, பெயர் ‘ஸ்லாப்இன்ஃபோ’. எந்த வகைப் பொருளுக்கு எத்தனை இடம், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அது சொல்லும். மெமரியில் வரம்பு தாண்டி எழுதும் ஒரு பிழை தாக்குபவரிடம் இருக்கிறது என்று வையுங்கள். தான் கெடுக்க நினைக்கும் பொருளுக்குச் சரியாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்தான் அவர் வேலை நடக்கும். சீட் மேப் கையில் இருந்தால் காலி இடங்களை நிரப்பி, எதிர்பார்த்த இடத்தில் போய் உட்காரலாம். இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டும், பெரும்பாலும் சிஸ்டமே க்ராஷ் ஆகி ஆட்டம் முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம் முகவரி. கெர்னலின் பாகங்கள் மெமரியில் எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதும் மாற்றி வைக்கும் உத்தி ஒன்று உண்டு. லினக்ஸில் 2014-ல் 3.14 பதிப்பில் வந்தது. வீட்டு நம்பரைத் தினமும் மாற்றுவது போல. டீபக் தகவலில் ஒரே ஒரு முகவரி கசிந்தாலும் போதும், மீதியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். முழு உத்தியும் வீண்.

முகவரியும் இல்லை, சீட் மேப்பும் இல்லை, வெறும் எண்ணிக்கை என்றாலும் பிரச்சினைதான். 2016-ல் வெளியான ஒரு ஆய்வு, ஆண்ட்ராய்டு போனில் எல்லா ஆப்களும் படிக்க முடிந்த ‘இன்டரப்ட்’ எண்ணிக்கையை மட்டும் வைத்து வேலை காட்டியது. தொடுதிரையும் டிஸ்ப்ளேவும் கெர்னலை எத்தனை முறை கூப்பிட்டன என்ற அந்தக் கணக்கிலிருந்தே, பயனர் போடும் அன்லாக் பேட்டர்னையும், எந்த ஆப் திறக்கப்படுகிறது என்பதையும் ஊகிக்க முடிந்தது. டச் ஸ்கிரீன் டிரைவரைச் சரிபார்ப்பவருக்காக வைத்த எண்கள் அவை. ஆப்களுக்கு அந்த ஃபைல் பின்னால் வந்த ஆண்ட்ராய்டு பதிப்புகளில் மூடப்பட்டது.

‘பூட்டினா நாங்க எப்படி வேலை பார்க்கிறது?’

இவ்வளவு தெரிந்தும் ஏன் உடனே பூட்டவில்லை என்று கேட்டால், எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

2011 மார்ச்சில் டான் ரோசன்பெர்க் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஸ்லாப்இன்ஃபோவை ரூட் மட்டும் படிக்கும்படி மாற்றலாம் என்றார். அனுபவமுள்ள டெவலப்பர்கள் சிலரே மறுத்தார்கள். பயனர் ஒருவர் பிழை என்று சொல்லி வரும்போது ‘அந்த ஃபைலில் இருப்பதை அனுப்புங்க’ என்று கேட்பது அவர்கள் வழக்கம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் ரூட் அனுமதி இல்லாதவர் அதை எப்படி அனுப்புவார்? மேலும், சீட் மேப் இல்லாவிட்டாலும் தாக்குபவர் வேறு வழியில் முயன்று பார்க்கலாம், வேகம் குறையுமே தவிர நிற்காது. எல்லாருக்கும் உறுதியான தொல்லை, திருடனுக்குக் கொஞ்சம் தாமதம், இது லாபமா என்பது அவர்கள் வாதம். ஸ்லாப்இன்ஃபோ பின்னாளில் ரூட்டுக்கு மட்டும் என்றேதான் ஆனது, ஆனால் அன்றைக்கு அது சுலபமாக முடிகிற வாக்குவாதமாக இல்லை.

அதே 2011-ல் முகவரியை மறைக்கும் வசதிக்கு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அந்த வசதி மார்ச்சில் வந்த 2.6.38 பதிப்பில் டீஃபால்ட்டாக ஆன் ஆகவே வந்தது. மே மாதமே ஆஃப் ஆனது! புரோகிராம்களின் வேகத்தை அளக்கும் ‘பெர்ஃப்’ கருவி அதனால் தடுமாறியது. ஆஃப் செய்த இங்கோ மோல்நார் சொன்ன காரணத்தின் சாரம் இது: ஒரு பாதுகாப்பு வசதி ஏற்கெனவே இருக்கும் வேலையைப் பறிக்கிறது என்றால், அதைக் கெர்னல் தானாகத் திணிக்கக் கூடாது. ஃபயர்வால் மாதிரி, வேண்டியவர்கள் ஆன் செய்துகொள்ளட்டும், லினக்ஸை விநியோகிக்கும் உபுண்டு போன்றவர்கள் முடிவு செய்யட்டும்.

கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘வேண்டியவர்கள் ஆன் செய்துகொள்ளட்டும்’ என்பதில் ஒரு ஓட்டை. தனக்கு அது வேண்டும் என்று தெரிந்தவர்கள் மட்டுமே ஆன் செய்வார்கள். ரவுட்டர் வாங்கி மாட்டியவருக்கு, டிவி பாக்ஸ் வாங்கியவருக்கு, அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பதே தெரியாது. தெரிந்த டெவலப்பருக்குக் கதவைத் திறந்துகொள்ள ஒரு நிமிடம் ஆகும். தெரியாதவருக்குப் பூட்டிக்கொள்ள வழியே கிடையாது. இரண்டு பேரில் யாருக்கு ஏற்ற மாதிரி டீஃபால்ட் வைப்பது என்று பார்த்தால், தராசு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெளிவாகவே தெரிகிறது.

கெர்னலும் கடைசியில் அந்தப் பக்கம்தான் வந்தது, ஆனால் முகவரி விஷயத்தில் அதற்கு 2018 ஜனவரி ஆனது. அதுவரை முகவரியை மறைக்க வேண்டும் என்றால் டெவலப்பர் நினைவாக ஒரு சிறப்புக் குறியைப் போட வேண்டும். மறந்தால் கசியும். 4.15 பதிப்பில் இதைத் தலைகீழாக்கினார்கள். சாதாரணமாக அச்சிட்டாலே முகவரிக்குப் பதில் ஒரு பொய் எண்தான் வரும், நிஜ முகவரி வேண்டும் என்றால்தான் சிறப்புக் குறி போட வேண்டும். இப்போது மறந்தால் என்ன நடக்கும்? கசியாது, அவ்வளவுதான்.

மாறியது ஒரே எண்

டீபக்எஃப்எஸ் அதற்கு முன்பே, 2012-ல், மாறிவிட்டது. அந்த ஆண்டு இரண்டு படிகளாக நடந்ததைக் கவனிக்க வேண்டும்.

முதலில், 3.4 பதிப்பில், டீபக்எஃப்எஸ்ஸை இணைக்கும்போதே உரிமையாளர் யார், குழு எது, அனுமதி எண் என்ன என்று சொல்லும் வசதி வந்தது. அப்போதும் டீஃபால்ட் 0755-தான். அதாவது சாவி செய்தாகிவிட்டது, பூட்டு இன்னும் போடவில்லை. பிறகு ஆகஸ்டில் கெர்னல் பாதுகாப்பில் பேர்போன கீஸ் குக் ஒரு திருத்தம் அனுப்பினார். ஆவணத்தில் செய்த மாற்றத்தை விட்டுவிட்டால், கோடில் மாறியது ஒரே எண். 0755 இருந்த இடத்தில் 0700. அவர் சொன்ன காரணமும் நேரடியானது. டீபக்எஃப்எஸ்ஸைப் பெரும்பாலும் ரூட்தான் பயன்படுத்துகிறது, தளர்த்த விரும்புகிறவர்கள் தங்கள் சிஸ்டத்தின் செட்டிங் ஃபைலில் தளர்த்திக்கொள்ளலாம். 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.7-ல் இது வந்தது.

முன்னமே தளர்த்த வழி இருந்ததால் எதிர்ப்பவர்களுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. ‘எங்கள் டீமுக்கு வேண்டும்’ என்றால் அந்த டீமுக்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு மட்டும் அனுமதி, செட்டிங்கில் ஒரு வரி. ஊருக்கே திறக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான ஃபைல்களில் நாளைக்கு யாராவது மறுபடி 0222 போட்டாலும், அது சாதாரண பயனரின் கைக்கு எட்டாது.

உங்க போன்ல இது எங்கே இருக்கு?

தற்செயலாக அதே 2012 ஆண்ட்ராய்டிலும் முக்கியமான வருஷம். அதுவரை ‘லாக் படிக்கும்’ அனுமதி வாங்கிய ஒரு ஆப், போனில் இருக்கும் மற்ற எல்லா ஆப்களின் டீபக் லாகையும் படிக்க முடிந்தது. இன்ஸ்டால் செய்யும்போது வரும் நீளப் பட்டியலில் அதுவும் ஒன்று, யார் படித்துப் பார்த்து ஓகே கொடுத்தார்கள்? ஏதாவது ஒரு ஆப்பின் டெவலப்பர் சோதனைக்காக இ-மெயிலையோ டோக்கனையோ லாகில் எழுதி, அழிக்க மறந்திருந்தால் அதுவும் கிடைக்கும். 2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.1, ஒரு ஆப் தன் சொந்த லாகை மட்டும்தான் படிக்கலாம் என்று ஆக்கியது. அந்த ஆண்டு இறுதியில் வந்த 4.2-லிருந்துதான் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் மெனு மறைந்துபோனது. பில்ட் நம்பரை 7 முறை தட்டினால்தான் வரும் அந்த விளையாட்டு அப்போது தொடங்கியது. தட்டத் தெரிந்தவருக்கு 5 விநாடி வேலை, தெரியாமல் கைபட்டுத் திறக்க மட்டும் முடியாது.

டீபக்எஃப்எஸ் விஷயத்தில் ஆண்ட்ராய்டு கெர்னலைவிடக் கறாராகப் போனது. 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-லிருந்து, கடையில் விற்கும் புதிய போன்களில் டீபக்எஃப்எஸ்ஸை இணைக்கவே கூடாது என்று விதி. 0700 கூடப் போதாது, கதவே வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனால் பேட்டரி இன்ஜினியரின் தங்கச் சுரங்கம்? அதற்கு வேறு முகவரி தேட வேண்டியிருந்தது. எது போனைத் தூங்கவிடவில்லை என்ற பட்டியலுக்கு விதிகள் உள்ள சிஸ்எஃப்எஸ்ஸிலேயே இடம் கிடைத்தது. புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் விவரம் தனக்கென ஒரு சின்ன ஃபைல் சிஸ்டத்துக்குப் போனது. இரண்டும் 2019-ல் லினக்ஸ் 5.4-ல் சேர்ந்தவை. ‘விதியே இல்லாத’ இடத்தில் இருந்ததால், அவை நிரந்தரம் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. கொடுக்காமலேயே பல கருவிகள் அவற்றை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. பூட்டும்போது கிளம்பிய கூச்சலில் பாதி இதனால் வந்தது.

அளவுக்கு மிஞ்சினால் பூட்டும்...

எல்லாவற்றையும் ரூட்டுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டால் நிம்மதியா? இல்லை என்பதுதான் இந்தத் துறையின் தலைவலி. ஒரு சின்ன எண்ணைப் படிக்க ரூட் வேண்டும் என்றால், ஆபீஸ்களில் நடப்பது தெரிந்ததுதானே. கண்காணிப்புக் கருவியை ரூட்டாகவே ஓட்டிவிடுவார்கள். ‘சூடோ போட்டா வேலை நடக்குது, விடுப்பா’ என்று ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதிவிடுவார்கள். ஒரு ஃபைலைப் படிக்க வேண்டியவரிடம் மொத்த கம்ப்யூட்டரின் சாவியும் போய்ச் சேரும்.

அதனால்தான் கெர்னல் அதன் பிறகு சாவிகளைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கியது. கெர்னலின் செயல்பாடுகளைத் தடம்பிடிக்கும் ‘டிரேஸிங்’ வசதி டீபக்எஃப்எஸ்ஸுக்குள் குடியிருந்தது. அது மட்டும் வேண்டும் என்றாலும் முழு டீபக்எஃப்எஸ்ஸையும் இணைக்க வேண்டிய நிலை. 2015-ல் 4.1 பதிப்பில் அதைத் தனிக்குடித்தனம் வைத்தார்கள், பெயர் ‘டிரேஸ்எஃப்எஸ்’. 2020-ல் 5.8 பதிப்பில், வேகம் அளக்கும் வேலைக்கு மட்டும் தனி அதிகாரம் ஒன்று பிறந்தது. ரூட் ஆகாமலேயே அந்த வேலை மட்டும் செய்யலாம்.

மறுபக்கம், ரூட்டையே நம்ப முடியாத சூழலும் உண்டு. ‘கஸ்டம் மெத்தட்’ ரூட்டுக்கு மட்டும் என்று ஆன பிறகும், ரூட் அதன் வழியே கெர்னல் மெமரியை இஷ்டத்துக்கு மாற்ற முடிகிறதே என்று 2011-லேயே இன்னொரு சிவிஇ பதிவானது. 2019-ல் 5.4-ல் வந்த ‘லாக்டவுன்’ வசதி இதற்குத்தான். அதை ஆன் செய்தால், எழுத முடியாத டீபக் ஃபைல்களைத் தவிர மற்றவற்றை ரூட்டாலும் திறக்க முடியாது.

டிமெசேஜ், இன்னும் முடியாத வழக்கு

எல்லா இடத்திலும் ஒரே முடிவு வந்துவிடவில்லை. கெர்னல் ஆன் ஆனதிலிருந்து புலம்பும் எல்லாவற்றையும் காட்டும் ‘டிமெசேஜ்’ கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் சொருகினால் வேலை செய்யவில்லையா, வைஃபை வரவில்லையா, லினக்ஸ் பயனர் முதலில் தட்டுவது அதைத்தான். அதை ரூட்டுக்கு மட்டும் ஆக்கும் ஸ்விட்ச் 2010 இறுதியிலேயே கெர்னலில் சேர்ந்துவிட்டது. ஆனால் கெர்னலின் சொந்த டீஃபால்ட் இன்றும் திறந்ததுதான். பூட்டியவர்கள் விநியோகிப்பவர்கள். டெபியன் 2017-ல் வந்த 9-வது பதிப்பில் பூட்டியது. உபுண்டு 2020-ல் 20.10 பதிப்பில், நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. மோல்நார் சொன்ன ‘அவர்கள் முடிவு செய்யட்டும்’ வழிதான் இது. முடிவு வர எத்தனை வருஷம் ஆனது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதாதவர்களுக்கும் இது புதிய கதை கிடையாது. ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதுகிறவர்களுக்கு ஸ்பிரிங் பூட்டின் ‘ஆக்சுவேட்டர்’ தெரிந்திருக்கும். சர்வீஸின் செட்டிங்குகள், மெமரியின் முழுப் பிரதி வரை காட்டக்கூடிய டீபக் வாசல்கள் அதில் உண்டு. 2018-ல் வந்த 2.0 பதிப்பு, அவற்றில் இரண்டே இரண்டை மட்டும், ‘நலமா இருக்கியா’ என்று கேட்பதையும் அடிப்படைத் தகவலையும் மட்டும், டீஃபால்ட்டாக வெப்பில் திறந்து வைத்தது. மீதி வேண்டும் என்றால் பெயர் சொல்லித் திறக்க வேண்டும். ஒரு நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடவும் வழி இருக்கிறது. அவசரத்தில் அதைப் போட்டுவிட்டு அப்படியே புரொடக்‌ஷனுக்குப் போன சர்வீஸ்கள் எத்தனையோ.

உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் சோதித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். டெர்மினலைத் திறந்து, சிஸ் ஃபோல்டருக்குள் கெர்னல், அதற்குள் டீபக் என்ற ஃபோல்டரைப் பட்டியலிடச் சொல்லுங்கள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் 2012-ல் மாறிய அந்த எண் வேலை செய்கிறது. பட்டியல் வந்தால், அந்த மெஷினில் யாரோ எப்போதோ கதவைத் திறந்திருக்கிறார்கள். செட்டிங் ஃபைலில் அந்த வரி எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.